ராணுவ அகாடமியில் காப்பி அடித்து மாட்டிய கேடட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டா?

நேர்கோடு

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் 2020 மே மாதம் நடந்த கால்குலஸ் தேர்வு விவகாரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கொரோனா காலம். கேடட்டுகள், அதாவது அதிகாரியாவதற்குப் படிக்கும் மாணவர்கள், வீட்டிலிருந்தே தேர்வு எழுதினார்கள். திருத்த உட்கார்ந்த ஆசிரியர்கள் கண்ணில் பட்டது, பல தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தப்பு. சரியான விடை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். தப்பு அப்படி ஒத்துப்போகாது. 73 பேர் மாட்டினார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் முதலாம் ஆண்டு. கடைசியில் 8 பேரை வெளியேற்றினார்கள். 51 பேரை ஓராண்டு பின்னுக்குத் தள்ளி, தங்களுக்கு அடுத்து வந்தவர்களோடு சேர்த்துப் படிக்க வைத்தார்கள்.

அந்த 51 பேரை நினைத்தால்தான் மனம் ஒப்பவில்லை. அவர்களுடைய ஆனர் கோடு, அதாவது நேர்மை விதி, ஒரே வாக்கியம்: கேடட் பொய் சொல்ல மாட்டார், ஏமாற்ற மாட்டார், திருட மாட்டார், அப்படிச் செய்கிறவர்களைச் சகித்துக்கொள்ளவும் மாட்டார். இதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். மீறினால் என்ன ஆகும் என்பதும் முதல் வாரமே தெரியும். நாளைக்கு முப்பது பேருடைய உயிரை இவர்கள் கையில் கொடுக்கப் போகிறோம். சாதாரணக் கல்லூரியில் பிட் அடித்த மாணவனுக்கு இரக்கம் காட்டலாம். அதிகாரியாகப் போகிறவருக்கு அந்தச் சலுகை கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மலர்விழி

நான் கல்லூரியில் கணிதம் எடுக்கிறவள், அதனால் தேர்வு வைத்தவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். இதே அகாடமியில் 1976இல் இதைவிடப் பெரியது நடந்தது. மூன்றாம் ஆண்டு வகுப்பு முழுவதற்கும் மின்பொறியியல் பாடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து வரும்படி ஒரு தேர்வு கொடுத்தார்கள். பிடிக்காத பாடம், கட்டாயப் பாடம், ஒரே விடுதி, யார் கதவையும் தட்டலாம். ஒருவருக்கொருவர் உதவக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள். 150 பேருக்கு மேல் வெளியேறினார்கள்.

பிறகு அமைத்த குழுவுக்குத் தலைவர் ஃபிராங்க் போர்மன், அப்போலோ 8இல் நிலவைச் சுற்றி வந்தவர், அதே அகாடமியில் 1950இல் படித்து முடித்தவர். கேடட்டுகள் செய்தது தவறு என்பதில் அந்தக் குழுவுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆனர் முறை உள்ளே சீரழிந்து கிடந்தது அகாடமிக்கே தெரியும், தெரிந்தும் சரிசெய்யவில்லை, ஆகவே பொறுப்பில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தது. வெளியேறியவர்கள் ஓராண்டு கழித்துத் திரும்பலாம் என்று வழி விட்டார்கள். 90க்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். மாட்டினால் வெளியேற்றம் மட்டுமே என்ற ஒற்றைத் தண்டனையும் அதற்குப் பிறகு தளர்ந்தது.

நேர்கோடு, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் 150 பேர் ஒரே தேர்வில் வழுக்கினால் அந்தத் தரையையும் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டாமா?

நேர்கோடு

பார்க்கலாம் அம்மா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தரையைப் பார்க்கத் தொடங்கினால் அது முடிவதே இல்லை. 1951ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதே வெஸ்ட் பாயின்ட். கேடட்டுகள் இரண்டு ரெஜிமென்ட்டாகப் பிரிந்திருந்தார்கள். முதல் ரெஜிமென்ட் ஒரு நாள் எழுதும், அதே வினாத்தாளை மறுநாள் இரண்டாவது ரெஜிமென்ட் எழுதும். ஆனர் கோடு இருக்கிறது, யாரும் கேள்வியை வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். சுமார் 90 பேர் போனார்கள், அதில் 37 பேர் அகாடமியின் அமெரிக்கக் கால்பந்து அணியினர். பயிற்சியாளர் ரெட் பிளெய்க்கின் சொந்த மகனும் அவர்களுள் ஒருவர்.

ஒரே வினாத்தாளை இரண்டு நாள் வைத்தது முட்டாள்தனம் என்று இன்று சொல்கிறோம். அப்படியானால் யாரும் பார்க்காதபோது நேர்மையாக இருக்கிறவரை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நாளைக்கு எல்லைக் காவலில் அவருக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

வட்டப்பாதை

காப்பி அடிச்சவன வெளிய அனுப்பு, அனுப்பாத, அது ஒரு பக்கம். எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் ஜீரணிக்க முடியல. "சகித்துக்கொள்ள மாட்டார்". அதாவது கூடவே தூங்கி எழுந்து, ஒரே தட்டுல சாப்பிட்டு, ஓட்டத்துல விழுந்தப்ப தூக்கிவிட்டவன நீயே போய் போட்டுக் கொடுக்கணும். கொடுக்கலன்னா நீயும் குற்றவாளி.

1965ல அமெரிக்க விமானப்படை அகாடமியில 109 பேர் விலகினாங்க. வினாத்தாளத் திருடி வித்த ஒரு கும்பல் இருந்துச்சு, அவங்க போனது சரி. ஆனா போனவங்கள்ல ஒரு பகுதி காப்பியே அடிக்காதவங்க. தெரிஞ்சும் சொல்லாம இருந்தாங்க, அவ்வளவுதான். பத்தொன்பது வயசுப் பையன்கிட்ட இவ்வளவு கேக்கலாமா? ராணுவத்துல முதல்ல சொல்லித்தர்றதே பக்கத்துல இருக்கிறவன கைவிடாதன்னு. அப்புறம் அவனையே காட்டிக் கொடுன்னா அந்தப் பையன் எதத்தான் நம்புவான்?

அமெரிக்கக் கடற்படை அகாடமியில இந்தக் கட்டாயம் இதே மாதிரி கிடையாது. தப்பு செஞ்சவன நேர்ல கூப்பிட்டுப் பேசித் திருத்தற வழியும் அங்க இருந்துச்சு. அதுதான் மனுஷத்தன்மை உள்ள ஏற்பாடு.

முன்னாள்பயிற்றுநர்

இளம் அதிகாரிகளுக்குப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி வட்டப்பாதை கேட்டதுதான் இந்த இழையின் உண்மையான கேள்வி. மற்றவை எல்லாம் தண்டனைக் கணக்கு.

ஒரு லெப்டினன்ட்டின் அன்றாட வேலையைப் பாருங்கள். சுடுதளத்தில் எத்தனை தோட்டா வெளியே போனது, எத்தனை திரும்பியது என்று கையெழுத்திடுகிறார். இரவு இரண்டு மணிக்குக் காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதுகிறார். வண்டி பிரேக் சோதிக்கப்பட்டது என்று டிக் அடிக்கிறார். ரோந்து போன குழு குறிப்பிட்ட இடம்வரை போய் வந்தது என்று வயர்லெஸ்ஸில் சொல்கிறார். இதில் எதையும் யாரும் உடனே சரிபார்ப்பதில்லை. அவர் சொன்னதை மேலே இருப்பவர் அப்படியே தன் அறிக்கையில் சேர்க்கிறார், அதை வைத்து அதற்கு மேலே இருப்பவர் முடிவெடுக்கிறார். பாலம் வரை போகாத ரோந்துக் குழு போனதாகச் சொன்னால் மறுநாள் அந்தப் பாலத்தில் வேறொரு குழு சாகும். பொய் சொன்னவர் அன்று இரவு நன்றாகத் தூங்கியிருப்பார்.

இப்போது வட்டப்பாதையின் கேள்விக்கு வருகிறேன். பக்கத்தில் இருப்பவனைக் கைவிடாதே என்று சொல்லித்தருகிறோம், உண்மை. ஆனால் அந்தப் பாலத்தில் நடக்கப் போகிறவர்களும் பக்கத்தில் இருப்பவர்கள்தான். அவர்களுடைய முகம் நமக்குத் தெரியாது. அறைத்தோழனுடைய முகம் தெரியும். அந்த வேறுபாடுதான் நம்மை வாய்மூட வைக்கிறது. சக அதிகாரி பொய்க் கணக்கு எழுதுவதைப் பார்த்தும் அந்தத் தெரியாத முகங்களுக்காக வாய் திறக்க ஒருவருக்கு எங்கே பழக்கம் வரும்? பயிற்சியில் வராவிட்டால் எங்கும் வராது. அதனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்கு மற்ற மூன்றையும்விட முக்கியமானது.

ஆனால் ஒன்று. சொல்லச் சொல்கிற நிறுவனம், சொன்னவரைக் காப்பாற்ற வேண்டும். பெரும்பாலான இடங்களில் தோற்பது அங்கேதான்.

இரவுக்காவல்

சார் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆனர் என்ற பெயரில் கேடட்டுகள் கையில் கொடுத்த அதிகாரம் எப்படியெல்லாம் போயிருக்கிறது என்பதை மறந்துவிட்டு இந்த விவாதம் நடக்கக் கூடாது.

வெஸ்ட் பாயின்ட்டில் ஒருவரை ஒதுக்கிவைக்கும் வழக்கம் இருந்தது. யாரும் பேச மாட்டார்கள், சாப்பாட்டு மேசையில் உடன் உட்கார மாட்டார்கள், அறையில் தனியாக இருக்க வேண்டும். 1932இல் சேர்ந்த பெஞ்சமின் டேவிஸ் ஜூனியருக்கு நான்கு ஆண்டும் இதுதான். அவர் செய்த குற்றம் கறுப்பினத்தில் பிறந்தது. அப்படியே இருந்து 1936இல் படித்து முடித்தார், பிறகு இரண்டாம் உலகப்போரில் டஸ்கீகி விமானிகள் என்ற கறுப்பினப் போர்விமானிகளுக்குத் தலைமை தாங்கினார், ஜெனரலாகவும் ஆனார். 1970களின் தொடக்கத்தில் இன்னொரு கேடட். தேர்வில் நேரம் முடிந்த பிறகும் எழுதினார் என்று குற்றச்சாட்டு. அதிகாரிகள் மட்டத்தில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனாலும் சக கேடட்டுகள் விடவில்லை, ஏறத்தாழ 19 மாதம் அவரிடம் யாரும் பேசவில்லை. அவரும் 1973இல் படிப்பை முடித்துவிட்டே போனார். அந்த ஆண்டுதான் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

நேர்மை விதி வேண்டும். ஆனால் அதை நடத்துகிறவர்கள் இளைஞர்கள், கோபக்காரர்கள், கூட்டமாக இருப்பவர்கள். மேல்முறையீடு, ஆதாரம், விசாரிக்கப்படுகிறவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, இவை இல்லாத ஆனர் முறை வெறும் கும்பல் நீதி. "உடனே வெளியேற்று" என்று சொல்கிறபோது நேர்கோடு இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேர்கோடு

விசாரணை முறையாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டேவிஸுக்கு நடந்தது நேர்மை விதியே அல்ல, நிறவெறி. நான் கேட்பது குற்றம் உறுதியான பிறகு. விசாரணை இளகினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1992 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் மின்பொறியியல் தேர்வுத் தாள் முன்கூட்டியே வெளியானது. முதல் விசாரணை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு முடிந்தது. பிறகு கடற்படையின் உள்விசாரணைத் தலைவரான இன்ஸ்பெக்டர் ஜெனரல் உள்ளே வந்தபோது எண்ணிக்கை 130ஐத் தாண்டியது. 1994இல் 24 பேர் வெளியேற்றப்பட்டார்கள். முதல் சுற்றில் பலர் கூசாமல் பொய் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னவர்கள் மாட்டினார்கள், பொய் சொன்னவர்கள் தப்பினார்கள் என்ற எண்ணம் அந்த வகுப்பு முழுக்கப் பரவியது. வட்டப்பாதை, நீங்கள் மனுஷத்தன்மை என்று சொன்ன அதே அகாடமிதான் இது.

மலர்விழி

உண்மை சொன்னவர் மாட்டுகிறார், பொய் சொன்னவர் தப்புகிறார் என்று நீங்கள் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். அந்த 51 பேருக்கான விளக்கமே அதில்தான் இருக்கிறது.

வெஸ்ட் பாயின்ட்டில் 2015இல் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். தவறு செய்த கேடட் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டால் வெளியேற்றம் இல்லை. ஒரு வழிகாட்டியின் கீழ் சில மாதங்கள் கண்காணிப்பும் பயிற்சியும். நோக்கம் நல்லது. ஒப்புக்கொண்டால் வாழ்க்கையே போய்விடும் என்றால் யார் வாய் திறப்பார்கள்? கால்குலஸ் விவகாரத்தில் பெரும்பாலோர் இந்த வழியில்தான் உள்ளே நின்றார்கள். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டது விசாரணை தொடங்கிய பிறகு. ஒரே தப்பு உள்ள தாள்களை மேசைமேல் பரப்பி வைத்த பிறகு "ஆமாம், செய்தேன்" என்பதில் எவ்வளவு தானாக முன்வருதல் இருக்கிறது? எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2021இல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் எடுத்தது தப்பு, திருத்தியிருக்க வேண்டும். யாரும் கண்டுபிடிக்கும் முன் வந்து சொல்கிறவர் ஒருவர். கண்டுபிடித்த பிறகு கேட்டவுடன் சொல்கிறவர் இன்னொருவர். ஆதாரத்தைக் காட்டியும் மறுத்து, நண்பனையும் பொய் சொல்லத் தூண்டுகிறவர் மூன்றாமவர். மூன்று பேருக்கும் ஒரே தண்டனை என்றால் மூன்றாமவர் ஆவதுதான் லாபம் என்று நாமே கற்றுத்தருகிறோம். முதலாமவரை எந்தத் தயக்கமும் இல்லாமல் அதிகாரியாக்குவேன். மூன்றாமவரை அன்றே அனுப்புவேன்.

முன்னாள்பயிற்றுநர்

அம்மா சொன்ன அந்த முதலாமவர் அரிதானவர். அவர் இன்னும் நிறைய வர வேண்டுமென்றால் மேலே இருப்பவர்களின் நடத்தையைப் பார்க்க வேண்டும். அகாடமியைத் தாண்டி ஓர் உதாரணம்.

மொன்டானா மாநிலத்தில் மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளம், அணு ஏவுகணைகளை இயக்கும் இளம் அதிகாரிகள். 2014 ஜனவரியில், போதைப்பொருள் விவகாரத்தில் தொடங்கிய விசாரணையில் எதிர்பாராமல் வெளிவந்தது இது: மாதாந்திரத் திறன் தேர்வின் விடைகளைச் செல்போனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் அறிவிப்பில் 34 பேர், அந்த மாதம் முடிவதற்குள் 92 பேர்வரை போனது. தேர்ச்சிக்கு 90 மதிப்பெண் போதும். பெரும்பாலோர் அதை நேர்மையாகவே எடுத்திருக்கக் கூடியவர்கள். பிறகு ஏன்? 90 எடுத்தவரை அங்கே யாரும் மதிக்கவில்லை. நூற்றுக்கு நூறு எடுத்தவருக்குத்தான் பதவி உயர்வில் இடம். ஒரு தப்பு செய்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாக யாரும் பார்க்கவில்லை, கறுப்புப் புள்ளியாக வைத்தார்கள். கடைசியில் ஒன்பது அதிகாரிகள் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள், தளத் தலைவர் பதவி விலகினார். அவர்கள் யாரும் காப்பி அடிக்கவில்லை, விடை அனுப்பவும் இல்லை. கவனிக்கத் தவறினார்கள், அதற்குத்தான் விலை கொடுத்தார்கள். அது எனக்குச் சரியாகவே படுகிறது.

இன்னொன்று. அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரியில் லெனார்ட் வோங் என்பவர் 2002இல் ஒரு கணக்குப் போட்டார். கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவின் கமாண்டர்கள் கட்டாயம் நடத்த வேண்டிய பயிற்சிகளைக் கூட்டினால் 297 நாள் வேலை. ஆண்டில் கைவசம் இருந்ததோ 256 நாள். 297ஐ 256க்குள் அடக்க வழியில்லை. ஆனாலும் "எல்லாம் முடிந்தது" என்ற அறிக்கைதான் மேலே போக வேண்டும். அவரும் ஸ்டீவன் ஜெராஸும் 2015இல் மறுபடி எழுதியபோது, இப்படிப் பொய்க் கணக்கு எழுதுவது அதிகாரிகளுக்கு உறுத்தாத அளவுக்குப் பழகிவிட்டது என்று முகத்தில் அறைந்தாற்போல் சொன்னார்கள்.

அகாடமியில் ஒரு கணக்குக்கு நண்பனைக் கேட்டவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவனுக்கு மேலே இருப்பவர் நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கேடட்டுகளுக்கு நாம் கற்றுத்தந்தது என்ன? கீழே இருக்கும்வரை நேர்மை, மேலே போனதும் கையெழுத்து என்பதைத்தான். நான் பார்த்தவரை பயிற்சி பெறுகிறவர்கள் விதிப் புத்தகத்தைப் படிப்பதில்லை, பயிற்றுநரைப் படிக்கிறார்கள். துப்பாக்கிச் சுடுதலில் தன் அணியின் புள்ளியைக் கூட்டி எழுதும் ஒரு பயிற்றுநர் போதும், ஒரு வகுப்பு முழுவதும் கெட.

நேர்கோடு

சார், இந்தக் கடைசிப் பகுதியை முழுவதும் ஏற்கிறேன். பயிற்றுநர் பொய் எழுதினால் கேடட்டைவிடக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும், இரண்டாவது வாய்ப்பே கூடாது. கேடட்டைப் பொறுத்தவரை மலர்விழி அம்மா பிரித்த மூவரில் மூன்றாமவருக்கு வெளியேற்றம், முதலாமவருக்கு வாய்ப்பு, சரி. நடுவில் இருப்பவரிடம்தான் நமக்குள் வழக்கு. மாட்டிய பிறகு சொல்கிறவர் உண்மையை மதித்துச் சொல்கிறாரா, கணக்குப் போட்டுச் சொல்கிறாரா என்று தெரியாது. தெரியாதபோது அவர் கையில் ஆட்களைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மலர்விழி

தெரியாது என்பதால்தான் ஓராண்டு பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அந்த ஓராண்டில் அவரைக் கவனிக்கலாம். வெளியே அனுப்பிவிட்டால் அவரைப் பற்றி நாம் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

இரவுக்காவல்

அந்த ஓராண்டு உண்மையிலேயே கவனிக்கிற ஆண்டாக இருந்தால் மட்டும். வாரம் ஒரு கட்டுரை எழுதிக் கொடு, கையெழுத்து வாங்கு என்று ஒப்புக்குச் சப்பாணியாக நடத்தினால் அதுவும் இன்னொரு பொய்க் கணக்கு.

எட்டாம்அணி

எல்லாருக்கும் வணக்கம். இங்க எழுதற அளவுக்கு அனுபவம் இல்ல, ஆனா கேக்காம இருக்க முடியல. நான் இப்ப அதிகாரி பயிற்சியில இருக்கேன், எந்த இடம்னு சொல்ல விரும்பல. வரைபடம் பாத்து வழி கண்டுபிடிக்கற பயிற்சி ஒன்னு எழுதிக் கொடுக்கணும். ஆயத்தொலைவு, திசைக்கோணம் எல்லாம் தனித்தனியா கணக்குப் போடணும். என் அறைத்தோழன் என்னோடத வாங்கி அப்படியே எழுதிட்டிருக்கான். நான் "பாத்துக்கோ"ன்னு கொடுத்தது விளங்கிக்கத்தான். இன்னும் சமர்ப்பிக்கல, நாளைக்கு மதியம் கடைசி நேரம். அவன் நல்லவன், வரைபடம் மட்டும்தான் வராது. நான் என்ன செய்யணும்?

முன்னாள்பயிற்றுநர்

தம்பி, கேட்டது நல்லது. இன்னும் நேரம் இருக்கிறது.

வெஸ்ட் பாயின்ட் கேடட்டுகளுக்கு மூன்று கேள்விகள் சொல்லித்தருவார்கள். இந்தச் செயல் யாரையாவது ஏமாற்றுகிறதா, ஏமாற விடுகிறதா? உரிமையில்லாத சலுகை எனக்கோ வேறொருவருக்கோ இதனால் கிடைக்கிறதா? நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் இதன் விளைவை ஒப்புக்கொள்வேனா? உங்கள் தோழர் அந்தத் தாளைத் தன்னுடையதாகச் சமர்ப்பித்த நிமிடம் முதல் இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்று பதில் வந்துவிடும். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, தாள் உங்களுடையது.

இன்று இரவே அவரிடம் பேசுங்கள். எழுதியதைக் கிழித்துவிட்டுத் தானாகப் போடச் சொல்லுங்கள். தப்பாக வந்தால் தப்பாகவே கொடுக்கட்டும். வரைபடம் வராத அதிகாரிக்கு வரைபடம் சொல்லித்தரலாம், பயிற்றுநர் அதற்காகத்தான் இருக்கிறார். ஆனால் வராது என்பது பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும். தாளில் எல்லாம் சரியாக இருந்தால் அவர் எப்படி உதவுவார்? இருட்டில், மழையில், பின்னால் ஆட்களோடு நிற்கும்போது உங்கள் தாள் உங்கள் தோழர் கையில் இருக்காது.

வட்டப்பாதை

தம்பி, சார் சொன்னதையே செய். ஒன்னே ஒன்னு நானும் சொல்றேன். அவன் கேக்கலன்னா, நீ மேல போகப் போறேன்னு முதல்ல அவன்கிட்டயே நேரா சொல்லு. அவனுக்குத் தெரியாம போகாத. அவனே உன்கூட வர ஒரு வாய்ப்பு கொடு. நான் மேல எழுதினதுல இருந்து இதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எட்டாம்அணி

நன்றி சார், நன்றி அண்ணா. பேசப் போறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பயிற்சித் தாள்ல "தனியாகச் செய்க"ன்னு எங்கயும் போடல. வாய்மொழியாதான் சொன்னாங்க, எல்லாரும் கேட்டாங்களான்னுகூடத் தெரியல. சேந்து பேசி விளங்கிக்கறது வரைக்கும் சரியா, அதுவும் கூடாதா? மத்த அறைகள்லயும் சேந்துதான் செய்யறாங்க.

மலர்விழி

அதை நாங்கள் இங்கிருந்து முடிவு செய்ய முடியாது, உங்கள் அறையிலும் முடிவு செய்யக் கூடாது. நாளைக் காலை முதல் வகுப்பு தொடங்கும் முன் எல்லாரும் இருக்கும்போது எழுந்து பயிற்றுநரிடம் கேளுங்கள்: கலந்து பேசலாமா, எதுவரை, பிறர் தாளைப் பார்க்கலாமா, உதவி வாங்கியிருந்தால் தாளில் பெயர் குறிப்பிட வேண்டுமா என்று. யார் பெயரையும் இழுக்க வேண்டாம். பதிலைத் தாளின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விளங்க வைத்தவர் யாராவது இருந்தால், பயிற்றுநர் கேட்காவிட்டாலும் அவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.